நாக்குக்கு ஒரு உத்தியோகம்: காபிக் காட்டிலிருந்து கப்பிங் மேசைக்கு

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் காபிக் காட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழம் பறிக்கத் தெரியும், களத்தில் கிளறத் தெரியும். அதே கொட்டையை வறுத்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி மதிப்பெண் போடுவதற்கும் சம்பளம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கப்பிங் என்று பெயர். ஏற்றுமதியாளர், க்யூரிங் ஒர்க்ஸ், வறுவல் கம்பெனி, இன்ஸ்டன்ட் காபி ஆலை என எல்லா இடத்திலும் இதற்கு ஆள் வேண்டும். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காபி நட்டார். அப்படி இருநூறு வருடம் காபி விளைந்த மலையிலிருந்து இந்த வேலைக்கு இன்னும் நிறையப் பேர் போயிருக்க வேண்டும்.

'எனக்கு அப்படியொன்றும் விசேஷ நாக்கு இல்லையே' என்று பின்வாங்காதீர்கள். விசேஷ நாக்கை யாரும் கேட்கவில்லை. இன்று ஒரு காபிக்கு நூற்றுக்கு 82 போட்டால், அடுத்த வாரம் பெயர் மறைத்து அதையே வைத்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் போட வேண்டும். கேட்பது அவ்வளவுதான். அதற்காகத்தான் எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், தண்ணீர் 93 டிகிரி, ஒரே காபிக்கு ஐந்து கோப்பை. நாலு நிமிஷம் கழித்து மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் உடைத்து முகர வேண்டும். சூடு 70 டிகிரிக்கு இறங்கியதும் உறிஞ்சலாம். சத்தமாகவே உறிஞ்சுங்கள். வீட்டில் திட்டு வாங்கித் தந்த அதே சத்தம்தான், காபியை வாய் முழுக்கத் தெளித்து மணத்தை மூக்குக்கு ஏற்றுகிறது. பிறகு துப்பிவிடுங்கள். விழுங்கிக்கொண்டே போனால் இருபதாவது கோப்பையில் கை நடுங்கும்.

வேலைக்குச் சேர்ந்ததும் மல்லிகை மணத்தையும் பலாச்சுளை இனிப்பையும் தேட விடமாட்டார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் விடுவார்கள். மலைப்பிள்ளைக்குச் சாதகமான இடம் இதுதான். நாக்கை இழுக்கும் துவர்ப்பு வந்தால் பச்சைக்காயைக் கலந்து பறித்திருக்கிறார்கள். பழம் அழுகிய புளிச்ச வாடை என்றால் தொட்டியில் அதிக நேரம் நொதிக்க விட்டிருக்கலாம், அல்லது பறித்த பழத்தை ராத்திரி முழுக்க மூட்டையிலேயே வைத்திருக்கலாம். மண்வாடை வெறுந்தரையில் காயப்போட்டதைச் சொல்லும். பூசண வாடை அடித்தால் ஈரம் சரியாக வற்றுமுன் மூட்டை கட்டியிருக்கிறார்கள். பட்டணத்தில் படித்துவிட்டு வருபவர் இந்த வாடைகளின் பெயரை மனப்பாடம் செய்வார். உங்களுக்கு அது எந்தக் களத்தில், எந்த மழையில் வந்தது என்றே தெரியும். நேர்முகத் தேர்வில் கூச்சப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

வர்ணனை அதற்குப் பிறகுதான். அகராதியை உங்கள் சமையலறையிலிருந்தே தொடங்குங்கள்: கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, நாரத்தை, கமலா ஆரஞ்சு, பேரிக்காய், மிளகு. ஒவ்வொன்றையும் கண்ணை மூடி முகர்ந்து நோட்டில் எழுதி வையுங்கள். புளிப்பு என்று மட்டும் எழுதினால் போதாது. எலுமிச்சைப் புளிப்பா, பச்சை ஆப்பிள் புளிப்பா, காடிப் புளிப்பா என்று பிரித்தெழுத வேண்டும். முதல் இரண்டும் விலையை ஏற்றும், மூன்றாவது இறக்கும். பயிற்சிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. தங்கையிடம் இடம் மாற்றி வைக்கச் சொல்லி, வேறானதைக் கண்டுபிடியுங்கள். சுவைத் தேர்விலும் இதே விளையாட்டுதான் வரும்.

ஒயின் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் இந்த அடித்தளம் உதவும். புளிப்பு, கனம், விழுங்கியபின் நிற்கும் ருசி என அங்கும் இவற்றையேதான் எடைபோடுகிறார்கள். ஆனால் காலக்கணக்கு நேரெதிர். இத்தாலியின் பரோலோ சிவப்பு ஒயின் விற்பனைக்கு வருமுன் 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். இளசாகக் குடித்தால் கடுக்காய் மென்றதுபோல் துவர்க்கும். அந்தத் துவர்ப்பும் புளிப்பும் பத்துப் பதினைந்து வருஷத்தில் பழத்தோடு இணங்குமா என்று இன்றே சொல்வதுதான் அங்கே நிபுணத்துவம். காபிக்கொட்டை அவ்வளவு காத்திருக்காது. வருஷம் தாண்டினால் பழைய சாக்கு வாடை எட்டிப்பார்க்கும். வேண்டுமென்றே பருவக்காற்றில் ஊறவைக்கும் மலபார் மான்சூன் காபி ஒரு விதிவிலக்கு. ஆகவே காபியைச் சுவைத்தவர் எழுதும் அறிக்கை அன்றன்றே போக வேண்டும்.

படிப்புக்கு முதல் கதவு காபி வாரியம். தாவரவியல், வேதியியல், வேளாண்மை, உணவுத் தொழில்நுட்பம் போன்றவற்றில் பட்டம் இருந்தால், காபி தர மேலாண்மையில் அவர்கள் நடத்தும் ஒரு வருட முதுநிலைப் பட்டயத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் பகுதி பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில், மீதி பெங்களூரில். நேர்முகத்தோடு சுவைத் தேர்வும் உண்டு. வறுவல் மட்டும் கற்க 'காபி சாஸ்திரா' என்ற குறுகிய பயிற்சி இருக்கிறது. காபிக்கு மதிப்பெண் போடுபவருக்கு உலக அளவில் மதிப்புள்ளது க்யூ கிரேடர் சான்றிதழ். கட்டணம் அதிகம் என்பதால் சம்பளம் வர ஆரம்பித்த பிறகு எழுதுவதே புத்தி. 2025 அக்டோபர் முதல் அதை எஸ்.சி.ஏ. (ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன்) அமைப்பு நடத்துகிறது, மதிப்பெண் படிவமும் மாறிவிட்டது. பழைய கையேட்டை நம்பிப் போகாதீர்கள். பெண்களுக்கு இது சரிவருமா என்று வீட்டில் கேட்டால் சுனாலினி மேனனைச் சொல்லுங்கள். 1972இல் காபி வாரியத்தில் சுவைஞராகச் சேர்ந்தவர், பிறகு பெங்களூரில் சொந்த ஆய்வகமே தொடங்கினார்.

விண்ணப்பத்தோடு நீங்களே எழுதிய ஓர் அறிக்கையை இணையுங்கள். 'அருமையான மணம், நல்ல ருசி' என்றிருந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். இப்படி இருக்கட்டும்: 'நாட்டுச்சர்க்கரை இனிப்பு, முடிவில் மிளகு. கமலா ஆரஞ்சுப் புளிப்பு, நடுத்தரக் கனம். ஐந்தில் ஒரு கோப்பையில் மண்வாடை. களத்தில் தார்ப்பாய் விரிக்காமல் காயவைத்த மூட்டை கலந்திருக்கிறதா என்று பார்க்கவும்.'