புண்ணாற்றும் பச்சிலைகள்

வேலும் வாளும் வழங்கிய பழந்தமிழகத்தில் புண்ணும் புண்ணுக்குரிய காப்பும் உடன்வளர்ந்தன. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில், புண்பட்ட தலைவனைக் காக்கும் மகளிர் இரவத்தழையுடன் வேப்பந்தழையை மனையிற் செருகி, ஐயவி தூவி, நறும்புகை எடுக்கின்றனர். இதனை மருந்து என்பதினும் காவற்சடங்கு என்பதே பொருந்தும். பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாட்டோ, வெட்டுவாயைத் தைக்கும் நெடிய வெள்ளூசிக்கு, மீன் பற்றக் கயத்துட் பாயும் சிச்சிலியை உவமை கூறுகின்றது. ஆகவே கைத்தொழிலறிவும் அக்காலத்தே இருந்ததென அறிகின்றோம்.

இனி, சிறு காயங்களுக்கு நம் இல்லங்களில் வழங்கும் கைம்மருந்துகளை நோக்குவோம். கீறலுக்கு மஞ்சட்பொடி; சிறு தீப்புண்ணுக்குச் சோற்றுக்கற்றாழை; சொறி சிரங்கிற்குக் குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்த விழுது; அரிவாள் பட்ட விரலுக்கு வெட்டுக்காயப் பூண்டின் சாறு. வழியோரத்தே படர்ந்து, மயிரடர்ந்த இலையும் நீண்ட காம்பின்மேல் மஞ்சள் நடுவுடைய சிறு பூவும் கொண்டது இப்பூண்டு. இதன் பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா என்பது வியப்பன்றோ! சங்கப்புலவர் இதனைக் கண்டிரார். பிற்காலத்தே வந்த பூண்டின் பயனறிந்து, அப்பயனையே பெயராகவும் இட்டனர் நம் மக்கள். மரபென்பது பழையதைக் காத்தல் மட்டுமன்று. புதியதை ஆராய்ந்து ஏற்றலுமாம் என்பது இதனாற் போதரும்.

அறிந்ததை எழுதிவைத்தலும் கடமையே. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய வடமொழி நூலையும் 1953-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டுரையையும் சான்றாகக் காட்டி வழக்காட, 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பாட்டியரின் சொல்லளவில் நின்றிருப்பின் வழக்கு வென்றிருத்தல் அரிது.

எனினும் பற்றுமிகுதியால் அறிவை மறத்தல் கூடாது. இரண ஜன்னியை விளைக்கும் நுண்கிருமியின் வித்துக்கள் மண்ணில் வாழ்வன. கழுவாத இலையுடன் அவையும் புண்ணிற் புகக்கூடும். ஆதலின் காயத்தை முதற்கண் தூய நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுக. ஆழ்ந்த காயம், துருவேறிய ஆணி தைத்த புண், விலங்குக்கடி, குருதி நில்லாத வெட்டு ஆகியவற்றிற்குப் பச்சிலையை நாடாது மருத்துவரை அடைக. தடுப்பூசியையும் தவறாது பெறுக.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! மூத்தோரிடம் கேட்டு, பச்சிலையின் பெயர், இடம், பயன்படுத்தும் முறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்மின். அவற்றுள் எவை மெய்யென ஆராய்தல் அறிவியல் பயில்வோர் கடன்; அப்பெயர்கள் மறையாமற் காத்தல் தமிழ் பயிலும் நம் கடன்.