சைனஸ் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு... அந்த 60 நாள் பில்லை என்ன பண்ணீங்க?

இன்ஷூரன்ஸ் பத்தி நம்ம சேனல்ல எவ்வளவோ பேசியிருக்கேன். ஆனா இன்னைக்கு சொல்லப்போறது நானே ஏமாந்த கதை. என்னை யாரும் ஏமாத்தல, என் சோம்பேறித்தனம்தான்.

எனக்கு சேலத்துல சைனஸ் எண்டோஸ்கோபி ஆபரேஷன் நடந்தது. ஜூலை முதல் வாரம் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸ்ல முடிஞ்சுது. ஓய்வுக்கு ஏற்காட்டுல அம்மா வீடு. அடுத்த ரெண்டு மாசத்துல மாத்திரை, மூக்கு ஸ்ப்ரே, ரெண்டு தடவை மூக்கு சுத்தம் பண்ணினது, டாக்டர் ஃபீஸ்னு 8,400 ரூபாய் ஆச்சு. பில் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு அலமாரியில வெச்சேன். அப்புறம் செப்டம்பர், டாக்ஸ் ஆடிட் சீசன். கவர் ஞாபகம் வந்தப்போ அக்டோபர் நடுவுல இருந்தேன். கெடு முடிஞ்சு போச்சு. மத்தவங்களுக்கு கெடு தேதியை ஞாபகப்படுத்துறதே தொழிலா வெச்சிருக்கற எனக்கு இப்படி!

உங்களுக்கு இப்படி ஆகக்கூடாது. அதனால ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. டிஸ்சார்ஜோட கிளைம் முடியறதில்ல

பெரும்பாலான பாலிசிகள்ல அட்மிஷனுக்கு முந்தைய செலவுக்கும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கும் கவர் உண்டு. எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி தர்ற ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துக்கலாம். முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பில்களை, அந்த சிகிச்சை முடிஞ்ச 15 நாளுக்குள்ள கொடுக்கணும். சில பாலிசிகள்ல நாள் கணக்கு இன்னும் அதிகம். உங்க பாலிசியில எவ்வளவுன்னு இன்னைக்கே பாருங்க.

சைனஸுக்கு இது ரொம்ப முக்கியம். ஏன்னா ஆபரேஷன் ஒரே நாள்ல முடிஞ்சாலும், குணமாகறது வீட்டுலதான். ஸ்கேன் செலவு முன்னாடியே வந்துடும், எண்டோஸ்கோபி வெச்சு சுத்தம் பண்றது பின்னாடி வரும்.

2. எது கிடைக்கும், எது கிடைக்காது?

கிடைக்கும்: டாக்டர் சீட்டுல இருக்கற மருந்து, ஃபாலோ-அப் ஃபீஸ், டெஸ்ட். எல்லாம் அதே நோய்க்கானதா இருக்கணும்.

கிடைக்காது: மலை ஏறி இறங்கின டாக்சி, சாப்பாடு, சீட்டு இல்லாம வாங்கினது. அதனால மூக்கு கழுவற உப்புப் பொட்டலத்தைக் கூட சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. கம்பெனி ஒத்துக்குமான்னு அப்புறம் பார்க்கலாம், சீட்டு இல்லேன்னா கேக்கவே முடியாது.

'டொமிசிலியரி கவர்'னு பாலிசியில பார்த்துட்டு, வீட்டு ஓய்வுக்குத்தான்னு நினைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியாத நிலையிலயோ, அங்க பெட் இல்லாமலோ வீட்டுலயே சிகிச்சை எடுக்கறதுக்கு அது.

3. புதுசா பாலிசி எடுக்கறவங்க கவனிங்க

பல பாலிசிகள்ல காது, மூக்கு, தொண்டை பிரச்சனைகளுக்கு 24 மாசக் காத்திருப்பு உண்டு. ஆரோக்ய சஞ்சீவனியிலயும் அப்படித்தான். முக்கிய கிளைம் நிராகரிக்கப்பட்டா பின்னாடி வர்ற பில்லும் கிடைக்காது. மூக்கடைப்பு ஆரம்பிச்ச பிறகு பாலிசி தேடினா லேட்.

4. மலையில ஓய்வெடுத்தா கூடுதல் கணக்கு

நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. டாக்டர் எனக்கு சொன்னதை அப்படியே சொல்றேன்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது காதடைக்கும் இல்லையா? அந்தக் காற்றழுத்த மாற்றம் மூக்குக்கும் உண்டு. எப்போ மேல போகலாம்னு டாக்டரைக் கேட்டுட்டுத்தான் கிளம்பணும். நான் முதல் ஃபாலோ-அப் வரைக்கும் கீழயே தங்கினேன்.

மூக்கு கழுவ ஊத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி நேரடியா கூடாது. "நம்ம மலைத் தண்ணி சுத்தம்பா"ன்னு அம்மா சொன்னாங்க. குடிக்கறது வேற, மூக்குல விடறது வேற. நல்லா கொதிக்க வெச்சு ஆறின தண்ணியோ, டிஸ்டில்டு வாட்டரோதான். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், தலையை உயர்த்தி வெச்சுப் படுக்கணும், கனம் தூக்கக்கூடாது.

நிக்காத ரத்தம், கண் வீக்கம், பார்வை மங்கல், கடும் தலைவலி, காய்ச்சல், தெளிஞ்ச தண்ணி மாதிரி மூக்குல சொட்டுறது. இதுல எது வந்தாலும் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து தடைபட்டது நினைவிருக்கும். மழைக்காலத்துல ஓய்வு எங்கங்கறதும் ஒரு ரிஸ்க் கணக்குதான்.

5. பில்லில வராத செலவு

உதாரணத்துக்கு, ஹோம்ஸ்டே நடத்தறவர் மாசம் 30,000 ரூபாய் சம்பாதிக்கறார்னு வைங்க. 14 நாள் ஓய்வுன்னா 14,000 போச்சு. மருந்து, ஃபாலோ-அப் 6,000. டாக்சி 5,000. மொத்தம் 25,000. இதுல இன்ஷூரன்ஸ்ல திரும்பக் கேக்க முடியறது 6,000 மட்டும். மீதி 19,000 அவசர நிதியிலிருந்துதான் வரணும். அவசர நிதி எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

இ.எஸ்.ஐ.யில இருக்கறவங்க, தகுதி நாட்கள் இருந்தா, சம்பளத்துல 70 சதவீதம் நோய்க்கால உதவியா வாங்கலாம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்து வைங்க.

6. மறுத்துட்டா?

முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். 30 நாள்ல பதில் இல்லேன்னாலோ, பதில் சரியில்லேன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது. என் கேஸ்ல நான் போகல. தப்பு என் பக்கம்.

இன்னைக்கே செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கே போன்ல ரெண்டு அலாரம் வைங்க. ஒண்ணு 45-வது நாள், இன்னொண்ணு 60-வது நாள். ஒவ்வொரு பில்லையும் வாங்கின உடனே போட்டோ எடுங்க, கூடவே டாக்டர் சீட்டையும்.

8,400 ரூபாய் கொடுத்து நான் கத்துக்கிட்ட பாடம். உங்களுக்கு இலவசம். உடம்பைப் பார்த்துக்கோங்க, கவரையும் பார்த்துக்கோங்க!