கந்தகம் குறைந்தால் புகை குறையும்

அன்புள்ள இனியா,

புகையைச் சுத்தம் செய்யக் காரிலேயே ஒரு கருவி இருக்கும்போது பெட்ரோலில் ஏன் கந்தகத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்யத்தான்.

கச்சா எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே உண்டு. எஞ்சினில் எரிந்து கந்தக டை-ஆக்சைடு ஆகிறது. அது மூச்சுக்குழாயைப் பாதிக்கும். இன்னொரு கேடு நீ கேட்ட அந்தக் கருவியில், அதாவது சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் நடக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றும் அந்தப் பரப்பைத் தொட்டால்தான் கேடு குறைந்த வாயுக்களாக மாறும். கந்தகமோ, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல அந்தப் பரப்பை முன்னதாகவே பிடித்துக்கொள்கிறது. இடம் கிடைக்காத நச்சு வாயுக்கள் அப்படியே வெளியேறுகின்றன. அதிக வெப்பத்தில் கந்தகம் ஓரளவு விலகும். ஆனால் நகர நெரிசலில் நின்று நின்று போகும் காரில் அந்த வெப்பம் எளிதில் வராது.

டீசலில் இன்னொரு சிக்கல். டீசல் வண்டியின் கன்வெர்ட்டர் கந்தக டை-ஆக்சைடின் ஒரு பகுதியைச் சல்பேட்டாக்கிவிடும். அது நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்.

நம் நாட்டின் பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) மாசு விதிகளின்படி, முன்பு பிஎஸ்-3 பெட்ரோலில் 150 பிபிஎம் வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது; பிஎஸ்-4இல் 50 ஆனது, இப்போது பிஎஸ்-6இல் 10. பிபிஎம் என்பது ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். 40 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 30 கிலோ. ஆக, அதில் 4.5 கிராம் வரை இருந்த கந்தகம் 0.3 கிராமுக்குள் வந்துவிட்டது. பிஎஸ்-5ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6க்குப் போனோம். அந்த எரிபொருள் 2018 ஏப்ரலில் டெல்லிக்கும், 2020 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது.

இதற்காகச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜனை உயர் அழுத்தத்தில் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். செலவு பெரியதுதான். ஆனால் புதிய கார்களுக்கு மட்டும் விதி போட்டால், பழைய கார்கள் சாலையைவிட்டுப் போகும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எரிபொருளை மாற்றினால், கன்வெர்ட்டர் உள்ள பழைய காரும் அன்றிலிருந்தே புகையைக் குறைவாக விடும்.

ஆகவே, காற்று மாசு பற்றிப் பேச்சு எழும்போது எந்தக் கார் என்று மட்டும் கேட்காதே. அதில் என்ன ஊற்றுகிறார்கள் என்றும் கேள்.

அன்புடன்,
பெரியப்பா