கைப்பேசி விளையாட்டும் குடும்பப் பொறுப்பும்



உழைத்துக் களைத்தவருக்குப் பொழுதுபோக்கு வேண்டும். இதில் தவறு ஒன்றுமில்லை. முன்பெல்லாம் திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் ஆடினோம். இன்று அந்த இடத்துக்குக் கைப்பேசி வீடியோ கேம் வந்துவிட்டது. லூடோ, கேண்டி கிரஷ், துப்பாக்கிச் சண்டை என்று ஆண், பெண் இருபாலரும் விளையாடுகிறார்கள். அதை எந்த அளவில் வைத்துக்கொள்வது என்பதே இந்தப் பாடம்.

ஒரு வீட்டில் நடந்தது

சில காலத்துக்கு முன் ஒரு கிராமத்தில் வீடு வீடாகச் சென்றபோது, பத்தாவது வாரத் தடுப்பூசி தவறிய ஒரு கைக்குழந்தையைப் பார்த்தேன்.

"ஏம்மா, புதன்கிழமை ஏன் குழந்தையைக் கொண்டு வரலை?" என்று கேட்டேன்.

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல் சார். இவங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன்ல விளையாடிட்டு, காலையில எட்டரைக்குத்தான் எழுந்தாங்க. காய்ச்சலோட நான்தான் மாட்டைக் கறந்தேன். அதுக்குள்ள சொசைட்டியை மூடிட்டாங்க. இவங்க எழுந்ததும், கரண்ட் போயிடும்னு மோட்டார் போட ஓடிட்டாங்க. அதோட அன்னிப் பொழுது போச்சு."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரே ஒரு ஆட்டம்னுதான் சார் உட்கார்ந்தேன்" என்றார்.

அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். குடிப்பழக்கம் கிடையாது. பகலெல்லாம் வயலில் பாடுபடுகிறவர். அடுத்த புதன்கிழமை அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தவறிய தவணையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீண்டும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. ஆனால் தாமதமாகும் நாட்களில் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

'ஒரே ஒரு ஆட்டம்' ஏன் முடிவதில்லை?

தாயத்தில் காய்கள் பழமானால் ஆட்டம் முடிந்துவிடும். கைப்பேசி விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் தயாராக நிற்கும். தினமும் திறந்தால் ஒரு பரிசு. ஒருநாள் திறக்காவிட்டால் அது போய்விடும். சண்டை விளையாட்டுகளில் ஓர் ஆட்டமே அரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் எழுந்தால் கூட்டாளிகள் கோபித்துக்கொள்வார்கள். எழுந்து போக மனம் வராதபடிதான் இவற்றை அமைத்திருக்கிறார்கள். ஆகவே மன உறுதி மட்டும் போதாது, முன்னேற்பாடும் வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள்

நாளொன்றுக்கு 2 மணி நேரம் விளையாடினால் 30 நாளில் 60 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஏழரை நாள்! இந்த நேரம் எங்கிருந்து வந்தது?

ஒன்று, உங்கள் தூக்கத்திலிருந்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது அவசியம். மற்றொன்று, உங்கள் துணைவரின் ஓய்விலிருந்து. நீங்கள் விட்ட வேலையை வீட்டில் வேறொருவர் செய்து முடிக்கிறார். கணவருக்கு ஒரு மணி நேர விளையாட்டு உண்டென்றால், மனைவிக்கும் வேலையில்லாத ஒரு மணி நேரம் உண்டா? மனைவி விளையாடுகிற வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. தள்ளிப்போட முடியாத வேலைகளை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். பால் கறப்பது, மோட்டார் போடுவது, குழந்தையின் ஊசி, வீட்டுப் பெரியவர்களின் மருந்து போன்றவை. எது யாருடைய வேலை என்றும் குறியுங்கள். இவை முடிந்த பிறகே விளையாட்டு.

2. 'அரை மணி நேரம்' என்று சொல்வதைவிட, 'இன்றைக்கு இரண்டு ஆட்டம்' என்று வைத்துக்கொள்வது எளிது. ஆட்டம் முடியும் இடத்தில் நிறுத்துவது சுலபம். இரவு 9 மணிக்குமேல் புது ஆட்டம் தொடங்க வேண்டாம்.

3. படுக்கும்போது கைப்பேசியை வேறு இடத்தில் வையுங்கள். விடியலில் எழ ஒரு டைம்பீஸ் போதும்.

4. பல கைப்பேசிகளில் ஒரு விளையாட்டுக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்கும் வசதி உண்டு. தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள்.

5. சாப்பிடும்போதும் குழந்தைக்கு ஊட்டும்போதும் கைப்பேசி வேண்டாம். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே காட்டக்கூடாது; 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய அறிவுரை.

6. ஆட்டத்தின் நடுவே கைப்பேசியைப் பிடுங்குவதும் ஏசுவதும் சண்டையில்தான் முடியும். "எப்பப் பார்த்தாலும் போன்தானா?" என்பதைவிட, "ஏங்க, இந்த ஆட்டம் முடிஞ்சதும் குழந்தையைக் கொஞ்சம் பிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவரும் சொன்னபடி எழுந்து வரவேண்டும்!

பணம் கட்டும் ஆட்டம் வேண்டவே வேண்டாம்

பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. விட்டதைப் பிடிக்கலாம் என்று கடன் வாங்காதீர்கள். கடன் இருந்தால் துணைவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்த கடன்தான் குடும்பத்தைக் குலைக்கும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

அதிகம் விளையாடுவோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அறிகுறிகள் மூன்று:

• நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை.
• மற்ற வேலை, விருப்பம் எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலாவது ஆதல்.
• வேலையும் உறவும் கெடுவது தெரிந்தும் தொடர்தல்.

இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, வாழ்க்கையை வெகுவாகப் பாதித்தால் அது நோய் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்டு பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னே சொன்ன தம்பதி இப்போது எப்படி இருக்கிறார்கள்? கணவர் விளையாட்டை அடியோடு விட்டுவிடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு ஆட்டம். காலையில் பால் கறப்பது அவர் வேலை. பதினான்காவது வார ஊசிக்கு அவரே வந்து, அட்டையை நீட்டினார்.

இன்றிரவு உங்கள் துணைவரை ஒன்று கேளுங்கள்: "இன்னிக்கு உனக்கு ஓய்வு கிடைச்சுதா?" பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டுக்கான அளவை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.