மோரிஸ் மைனருக்கு முதல் மின்சாரம்

பாடி வேலையும் பெயின்டும் முடிந்து மைனர் மினுமினுப்பாக நிற்கும்போது, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அறுபது வருடம் இறுகிப்போன ஒயர்கள் புகையக்கூடிய நேரமும் அதுதான்.

செய்ய வேண்டியவை

• எர்த் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். பழைய மைனர்கள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

• பேட்டரிக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஒயர் தப்பிக்கும். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கையில் பல்பு எரியவே கூடாது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். பார்க்கிங் விளக்கைப் போட்டதும் பல்பு மங்கலாக எரிந்தால் சரி. பார்க்கிங் விளக்கு எரியாமல் பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்தால் அந்த லைனில்தான் ஷார்ட். இக்னிஷன் போடுமுன் காயில் ஒயரைக் கழற்றிவிடுங்கள், சி.பி. பாயின்ட் மூடியிருந்தால் காயில் இழுக்கும் கரண்டே பல்பை எரியவைத்து நம்மை ஏமாற்றும்.

• லூகாஸ் ஒயர் நிறங்களை மனத்தில் வையுங்கள். பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன். சாவி திருப்பினால் வெள்ளை, அது ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. கருப்பு எர்த். ஹெட்லைட்டின் நீல ஒயர்களுக்கு ஃபியூஸே கிடையாது. அவற்றை இரண்டு முறை பாருங்கள்.

• ஷார்ட் இல்லை என்று உறுதியானதும் பல்பை எடுத்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை விளக்கின் எர்த் ஒயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. புதுப் பெயின்ட்தான் பெரும்பாலும் காரணம். போல்ட்டுக்கு அடியில் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள்.

செய்யக்கூடாதவை

• மீட்டரின் ‘பீப்’ சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றை இழை ஒட்டியிருந்தாலும் பீப் வரும். லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

• ஒயரில் ஊசி குத்திச் சோதிக்காதீர்கள். அந்தத் துளையில் ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூத்துவிடும்.

• பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்று இருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். 35 என்று எழுதியிருக்கிறதே என இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போடாதீர்கள்.

• மோதிரம், இரும்புக் கடிகாரத்தோடு பேட்டரியைத் தொடாதீர்கள்.

• கரண்ட் வருகிறதா என்று ஒயரைப் பாடியில் உரசித் தீப்பொறி பார்க்காதீர்கள். டிக்கிக்குள் வேண்டவே வேண்டாம். அதன் தரைக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க்.