சில்லும் இரும்பும் இன்றி

வரலாற்றாசிரியர் விடுமுறையில் இருந்த ஒரு தவணையில், பத்தாம் ஆண்டு மாணவர்க்கு அவர்தம் பாடத்தையும் யானே நடத்தவேண்டியதாயிற்று. தமிழாசிரியனுக்கு வரலாறு முற்றும் அயலானதன்று என்னும் துணிவுடன் வகுப்பிற் புகுந்தேன். அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடியினராகிய மாயர், அசுத்தெக்கர், இன்காக்கள் என்போரைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அவர்களிடம் சில்லு இல்லை, இரும்பு இல்லை, உழவெருது இல்லை; இன்காக்களிடம் எழுத்துமில்லை. அவர்களை நாகரிகமடைந்தவர் என்று எப்படிச் சொல்வது?” என்று வினவினான். “நாகரிகத்தின் வாயிற்படி வரை வந்து நின்றவர்கள் என்று வைத்துக்கொள்” என்று கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மணியும் அடித்தது. அவ்விடை பிழையானது. விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அம்மாணவனுக்குப் பட்ட கடனை இங்குத் தீர்க்கலாமென எண்ணினேன்.

அவன் கேட்டதிற் குற்றமில்லை. ஏர், எருது, வண்டி, வெண்கலம், இரும்பு, எழுத்து என நாம் நிரல்படுத்திக் கற்பிக்கும் படிகள், யூபிரத்தீசு, நைல், சிந்து ஆகிய ஆற்றங்கரைகளில் நிகழ்ந்தவற்றை நோக்கி வகுக்கப்பட்டவை. அந்நிலங்களில் மாடு இருந்தது. ஆதலின் ஏரும் வண்டியும் பிறந்தன. அமெரிக்காவிலோ குதிரையினம் இற்றைக்கு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்தொழிந்தது. பழக்குதற்குரிய மாட்டினம் அங்கு இல்லை. அந்தீசு மலைநாட்டில் வாழ்ந்த இலாமா என்னும் விலங்கு சிறு சுமையை முதுகிற் சுமக்குமேயன்றி வண்டியிழுக்காது. மெக்சிக்கோ நாட்டு அகழ்வுகளிலே களிமண்ணாற் செய்யப்பட்ட விலங்குப் பொம்மைகள் சில கிடைத்துள்ளன. அவற்றின் கால்களிற் சில்லுகள் பூட்டப்பட்டிருக்கின்றன! சில்லை அறியாதவர் எனப்பட்டோர் அதனைச் செய்து குழந்தைகள் கையிற் கொடுத்திருக்கின்றனர் போலும். இழுக்க விலங்கில்லாத நாட்டில் வண்டி எதற்கு?

அவ்வாறாயின் அச்சமுதாயங்கள் எதனைப் பற்றி வளர்ந்தன? முதல் விடை சோளம் என்பதே. தென்மெக்சிக்கோவிலுள்ள பால்சாசு ஆற்றுப்படுகையில் தியோசிந்தே என்னும் காட்டுப்புல் ஒன்று வளர்கின்றது. அதன் கதிரிற் பத்து மணிகள் அளவிலேயே இருக்கும். ஒவ்வொரு மணியையும் கல்போன்ற ஓடு மூடியிருக்கும். ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் அப்புல்லின் நல்ல விதைகளைத் தெரிந்து, விதைத்து, மீண்டுந் தெரிந்து, தலைமுறை தலைமுறையாக அதனை மாற்றினர். ஒஃசாக்கா மாநிலத்துக் குகையொன்றிற் கிடைத்த, 6000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய கதிர்கள் நம் விரலினுஞ் சிறியவை. பருத்த கதிர் வருதற்கு மேலும் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றன. இன்றைய சோளம் மனிதன் உதிர்த்து விதைத்தாலன்றித் தானாக முளைத்துப் பெருகாது. மனிதன் சோளத்தை ஆக்கினான். சோளம் அவனை ஓரிடத்தில் இருத்திற்று.

சோளத்தை மட்டும் உண்டு வாழ்வோர்க்கு ஒருவகைத் தோல்நோயும் பித்தும் உண்டாகும். அம்மக்களோ சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிட்டு, பின் அரைத்து அடையாகச் சுட்டனர். சுண்ணாம்பு அம்மணியினுள் அடைபட்டுக் கிடக்கும் ஓர் உயிர்ச்சத்தை விடுவிக்கின்றது. அதே வயலில் அவரையினத்தையும் பூசணியையும் சேர்த்து நட்டனர். அவரை மண்ணுக்கும் உணவுக்கும் வலுவளித்தது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றனர். சுண்ணாம்பின் செய்தியைக் கொண்டுசென்றிலர். அதனால் 18 ஆம் நூற்றாண்டு தொடக்கம் இசுப்பானியாவிலும் இத்தாலியிலும் ஏழை உழவர் பலர் அந்நோயால் மாண்டனர். அடுக்களையில் இருந்த அறிவைக் கற்றவர் பொருட்படுத்தாமை அக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. நிற்க, நம் தோட்டங்களில் விளையும் மிளகாயும் புகையிலையும், வீட்டு வளவிற் காய்க்கும் பப்பாசியும், மரவள்ளியும் கச்சானும் அக்கண்டத்து உழவர் பழக்கி உலகுக்கு ஈந்தவையே. 500 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கறிக்கு உறைப்பூட்டியது மிளகே.

விளைவு மிகுந்தவிடத்து, உழாதவனுக்கும் உணவு கிடைத்தது; கொத்தனும் குருவும் எழுத்தனும் தோன்றினர். கி.பி. 250 முதல் 900 வரை மாயர் நகரங்கள் சிறந்து விளங்கின. அவற்றுட் பெரிதாகிய திக்கால் ஆறில்லா ஊர். மழைநீரைத் தளங்களிலிருந்து வழிந்தோடச் செய்து பெருங்குளங்களில் தேக்கியே பல்லாயிரவர் அங்கு வாழ்ந்தனர். 2018 இல், வானூர்தியிலிருந்து செலுத்திய ஒளிக்கதிரால் குவாத்தமாலாக் காடுகளை அளந்தோர், மரங்களின் கீழ் மறைந்து கிடந்த 60,000 இற்கு மேற்பட்ட கட்டட எச்சங்களைக் கண்டறிந்தனர். மாயர் இருபதை அடியாகக் கொண்டு எண்ணினர். பூச்சியத்துக்கு ஒரு சிப்பிவடிவை வழங்கினர். இந்தியரிடமிருந்து கற்றாரல்லர், தாமே கண்டனர்.

தமிழாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அவர்தம் எழுத்தின் வரலாறே. 1562 ஆம் ஆண்டு யூக்கத்தானில் மானி என்னும் ஊரில், தீகோ தெ இலாந்தா என்னுந் துறவி மாயர் ஏடுகளைக் குவித்துத் தீயிட்டார். இன்று எஞ்சியவை நான்கு ஏடுகளே. அவ்விலாந்தாவே பின்னர் மாயரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர்தம் நெடுங்கணக்கு எனச் சில குறிகளைத் தந்தார். நெடுங்காலம் அப்பட்டியல் பயனற்றதெனத் தள்ளப்பட்டது. 1952 இல் உருசிய நாட்டறிஞர் யூரி குனோரொசோவ் அதன் மறையை உடைத்தார். இலாந்தா ‘பே’ என்னும் பெயருடைய இசுப்பானிய எழுத்தை ஒலித்துக்காட்டி அதற்குரிய குறியைக் கேட்க, மாய எழுத்தன் ‘பே’ என்னும் அசைக்குரிய குறியை எழுதிக் கொடுத்தான். கேட்டவர் மெய்யெழுத்தைக் கேட்டார். எழுதியவன் உயிர்மெய்யை எழுதினான்! அரிச்சுவடி கற்ற நம் சிறுவர்க்கு இது விளங்கும். ஐரோப்பிய அறிஞர்க்கோ நூறாண்டளவு விளங்கவில்லை. ஏட்டை எரித்தவர் கையெழுத்தே எஞ்சியவற்றைப் படிக்கத் திறவுகோலாயிற்று.

அசுத்தெக்கர் பிற்காலத்தவர். 1325 ஆம் ஆண்டளவில் தெசுக்கோக்கோ ஏரியின் நடுவே சேற்றுத் தீவொன்றிற் குடியேறி, தெனோச்சித்தித்லான் என்னும் நகரை அமைத்தனர். ஏரிச் சேற்றையும் நாணலையும் அடுக்கி வாய்க்கால்களுக்கிடையே தோட்டங்களை உயர்த்தி, ஆண்டுக்குப் பல போகம் விளைத்தனர். 1519 இல் வந்த கோர்தெசின் வீரர் அந்நகரைக் கண்டு கனவோ நனவோ என மயங்கினர். ஆயினும் அவ்வரசை வியந்து மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. வென்ற ஊர்களிடம் திறையாகத் துணியும் மணியும் சோளமுங் கொண்டதோடு, சிறைப்பட்டோரைக் கோயிலிற் பலியிட்டனர். அதனால் மனம் வெந்த அயலார், முதன்மையாகத் திலாசுக்காலா நாட்டினர், பல்லாயிரவராகக் கோர்தெசுடன் சேர்ந்தனர். 1520 இற் பரவிய அம்மைநோய் எஞ்சிய வலியையும் உறிஞ்சிற்று. 1521 ஆகத்து 13 இல் நகர் வீழ்ந்தது.

இனி, அம்மாணவன் குறிப்பாகச் சுட்டிய இன்காக்கள். குசுக்கோவைத் தலைநகராகக் கொண்டு, ஒரு நூற்றாண்டுக்குள், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் நீண்ட பேரரசை அமைத்தனர். நாணயமில்லை, வரி என்பது உழைப்பே. குடும்பங்கள் முறைவைத்து அரசுக்கு வேலைசெய்தன. அரசு களஞ்சியங்களை நிரப்பி, பஞ்சத்திலும் போரிலும் திறந்தது. கணக்கு? ‘கிப்பு’ எனப்படும் முடிச்சுக் கயிறுகளிலே. முடிச்சின் வகையும் அது அமைந்த இடமும் ஒன்று, பத்து, நூறு என்பவற்றைக் குறித்தன என்பதை 1912 இல் இலேலண்ட் உலொக் விளக்கினார். இன்காப் பேரரசு வீழ்ந்தபின், 1561 இல் உவங்கா நாட்டுத் தலைவர் இலிமாவின் வழக்குமன்றத்துக்குச் சென்று, இசுப்பானியர்க்குத் தாம் ஈந்தவற்றையும் அவர்கள் பறித்தவற்றையும், இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட கணக்காக, கயிற்றைப் பார்த்தே ஒப்புவித்தனர். மன்றம் அதனைச் சான்றாக ஏற்றது. எழுத்தில்லாதவர் என்று நான் புரட்டிவிட்ட பக்கம் இதுதான்.

அவர்தம் நெடுஞ்சாலைகள் கல்லாலும், பள்ளத்தாக்குகளைக் கடக்கும் பாலங்கள் புல்லாலும் ஆனவை. அப்பாலங்களுள் ஒன்று, கெசுவாச்சாக்கா என்பது, அப்பூரிமாக்கு ஆற்றின்மேல் இன்றும் உள்ளது. அயற்கிராமத்தார் ஆண்டுதோறும் சூன் மாதத்திற் கூடி, புல்லைத் திரித்து வடமாக்கிப் புதுப்பாலம் கட்டுவர். பழையது ஆற்றில் விடப்படும். 2020 இல் கொள்ளைநோயால் அவ்வேலை நடைபெறவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து வீழ்ந்தது. அவ்வாண்டு சூன் மாதம் அவர்கள் மீண்டும் கூடி, புல்லறுத்து, கயிறு திரித்து, பாலத்தைக் கட்டிக் கடந்தனர்.