சுடர் இல்லாத அடுப்பு: சமையலறையில் ஒரு பாடம்

‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. பணியிலிருந்த காலமெல்லாம் குழந்தைகளுக்குப் பயன்படுத்திய அந்த விதியை, எழுபது வயதைக் கடந்த பின்னர் எனக்கே பயன்படுத்திக்கொள்ள நேரும் என்று அன்று நான் எண்ணியதில்லை. எரிவாயு அடுப்பிலிருந்து இன்டக்‌ஷன் அடுப்பிற்கு மாறியபோது அந்நிலை வந்தது. திருப்பூரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் அன்பர் இல்லங்கள் பலவற்றில் இவ்வடுப்பு வாங்கப்பட்டு, இரண்டொரு நாள் பயன்பட்டு, பின்னர் பரண்மேல் ஏறிவிட்டதைக் கண்டிருக்கிறேன். ஆகவே நான் கற்றதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

மாற்றத்தின் காரணம்

ஒரு நாள் பிற்பகல் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்கட்டிற்குச் சென்றேன். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. வாயுவோ வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்த எனக்கு மணம் எதுவும் தெரியவில்லை. மாடியில் குடியிருக்கும், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண் படியிறங்கி வந்து, “டீச்சரம்மா, கேஸ் நாத்தம் அடிக்குதுங்க, சுவிட்சைத் தொடாதீங்க” என்று கூவிய பிறகே அறிந்தேன். அவளே ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட்டாள்.

சமையல் எரிவாயுவிற்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை உணர்த்துவதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளை அதில் சேர்க்கின்றனர். முதுமையில் கண்ணும் காதும் மங்குவது நமக்குத் தெரிகிறது. மூக்கு மங்குவது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்த வாயு காற்றைவிடக் கனமானதாதலால் தரையோடு படிந்து நிற்கும். ஒரு சிறு பொறி போதும்.

செய்தியறிந்த என் மகன், இனி நான் அடுப்பைத் தொட வேண்டாம் என்றும், இரு வேளை உணவையும் வெளியிலிருந்து வரவழைத்துவிடலாம் என்றும் கூறினான். அவன் அச்சம் நியாயமானது. ஆனால் வெளியிலிருந்து வரும் உணவில் கிழங்கு சேர்ந்ததா, நீர் வடிகட்டப்பட்டதா என்று யார் சொல்வது? கதிரவன் மறையுமுன் அது வந்து சேரும் என்பதற்கு யார் உறுதி? அடுப்பை இழந்தால் என் ஒழுக்கத்தையும் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டிவரும் என்று தோன்றியது. அவ்வளவில் இருவரும் உடன்பட்டதே இன்டக்‌ஷன் அடுப்பு.

இவ்வடுப்பு வேலை செய்யும் முறை

இஸ்திரிப் பெட்டியை நாம் அறிவோம். அதனுள் ஒரு கம்பிச்சுருள் சூடேறி, அச்சூட்டைத் துணிக்குத் தருகிறது. இன்டக்‌ஷன் அடுப்பிலும் கண்ணாடிப் பரப்பின் கீழ் ஒரு செம்புக் கம்பிச்சுருள் உண்டு. ஆயினும் சமைப்பதற்கான சூட்டைத் தருவது அச்சுருள் அன்று. வீட்டிற்கு வரும் மின்சாரம் ஒரு நொடிக்கு 100 முறை திசை மாறுவது. அடுப்பிலுள்ள மின்னணுச் சுற்று அதனை 20,000 முறைக்கும் மேல் மாறும்படி செய்து சுருளினுள் செலுத்துகிறது. அதனால் சுருளைச் சுற்றி விரைந்து மாறும் காந்தப் புலம் தோன்றுகிறது. மேலே இரும்புத் தன்மையுள்ள பாத்திரம் இருந்தால், அதன் அடிப்பாகத்திலேயே மின்னோட்டச் சுழல்கள் எழுந்து, அந்த அடிப்பாகம் தானே சூடாகிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையே இதற்கு அடிப்படை.

சுருங்கச் சொன்னால், இங்கே பாத்திரமே அடுப்பு. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

பாத்திரங்களைத் தேர்தல்

புதிய பாத்திரங்கள் வாங்கக் கடைக்குச் செல்லுமுன் ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பாத்திர அலமாரியைச் சோதியுங்கள். அடியில் காந்தம் நன்கு ஒட்டும் பாத்திரம் இவ்வடுப்பில் வேலை செய்யும். நான் சோதித்தபோது பித்தளை, செம்பு, அலுமினியம், மண்சட்டி ஆகிய யாவும் தோற்றன. ரசத்திற்கான ஈயச்சொம்பும் விலக்கே. எவர்சில்வரில் மட்டும் வியப்பு காத்திருந்தது. ஒரே கடையில் வாங்கிய இரு பாத்திரங்களில் ஒன்றில் காந்தம் ஒட்டியது, மற்றதில் ஒட்டவில்லை. நிக்கல் மிகுதியாகக் கலந்த எவர்சில்வரைக் காந்தம் பற்றாது என்பதே காரணம்.

அடி தட்டையாக இருத்தலும் வேண்டும். குழிவான இரும்பு வாணலியில் காந்தம் ஒட்டினும், அதன் நடுப்புள்ளி ஒன்றே பரப்பைத் தொடுவதால் பயன் குறைவு. பழைய அலுமினியக் குக்கர் உதவாது. அடியில் இரும்புத் தகடு பொருத்திய குக்கரோ, ‘இன்டக்‌ஷன் பேஸ்’ என்று குறித்த எவர்சில்வர் குக்கரோ தேவை. எனக்கு வேண்டியிருந்தவை ஒரு குக்கர், ஒரு பால் பாத்திரம், தட்டையான அடியுள்ள ஒரு வாணலி ஆகிய மூன்றே. பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல் முதல் நாளே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கையின் பழக்கமும் எண்ணின் பழக்கமும்

விறகடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகிய மூன்றிலும் நாம் சுடரைக் கண்ணால் பார்த்தே சமைத்தோம். இங்கே சுடர் இல்லை, எண் இருக்கிறது. இதனாலேயே முதல் வாரம் நான் நான்கு தவறுகள் செய்தேன். அவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, தாளிப்பு. எரிவாயு அடுப்பில் வாணலியை வைத்துவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடுவது என் வழக்கம். இங்கே பாத்திரமே அடுப்பாதலால் வெறும் வாணலி நொடிகளில் கடுஞ்சூடாகிவிடும். எண்ணெய் புகைந்து கடுகு கருகிப்போயிற்று. இப்போது கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பை இயக்குகிறேன். 800 வாட் போதுமானது.

இரண்டாவது, பால். உயர்ந்த எண்ணில் வைத்தால் அடிபிடித்துத் திடீரெனப் பொங்கும். தாழ்ந்த எண்ணில் வைத்தபோதோ சில நொடிகள் கொதித்தும் சில நொடிகள் அடங்கியும் மாறிமாறி நின்றது. அடுப்பு பழுதென்றே எண்ணினேன். பழுதன்று. சிறிய அடுப்புகள் பல, குறைந்த சூட்டை விட்டுவிட்டு இயங்கியே தருகின்றன. பாத்திரத்தில் முதலில் சிறிது நீர் விட்டுப் பின்னர் பாலை ஊற்றி, நடுத்தர எண்ணில் வைத்து, அருகிலேயே நிற்பது நன்று. பொங்கும் தருணத்தில் பொத்தானை அழுத்தினால் பால் உடனே அடங்கிவிடும். வழிந்தாலும் அணைவதற்குச் சுடர் இல்லை. கசிவதற்கு வாயுவும் இல்லை.

மூன்றாவது, தோசை. சுருளின் அகலத்தைவிடத் தோசைக்கல் பெரிது. நடுவே கருகியது, ஓரம் வேகவில்லை. இரும்புக்கல்லை 600 வாட்டில் ஐந்து நிமிடம் மெல்லச் சூடாக்கினால் சூடு ஓரம் வரை பரவும். தோசையையும் சற்றுச் சிறிதாக வார்க்க வேண்டும். சப்பாத்தி கல்லிலேயே துணியால் ஒற்றினால் உப்பும். அப்பளம் சுடும் பழக்கத்தை மட்டும் விட வேண்டியதாயிற்று. அதற்குச் சுடரே வேண்டும்.

நான்காவது, குக்கர். அரிசியும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் நம் கொங்குநாட்டுச் சோற்றிற்கு மூன்று விசில் என்பது என் கணக்கு. இங்கே விசில்கள் விரைந்து வந்துவிட்டன, பருப்பு வேகவில்லை. பருப்பு வேகுவதற்கு வேண்டியது விசிலின் எண்ணிக்கை அன்று, அழுத்தத்தில் இருக்கும் நேரம். ஓர் ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்குத் துவரம்பருப்பு எடுத்து, அரைமணி நேரம் ஊறவைத்து, மூன்று ஆழாக்கு நீர் விடுகிறேன். 1200 வாட்டில் முதல் விசில் வந்ததும் 400 வாட்டிற்குக் குறைத்து, ஏழு நிமிடம் வைத்து நிறுத்திவிடுகிறேன். ஆவி தானே அடங்கிய பின் திறந்தால் சோறு குழைந்து பதமாக இருக்கிறது.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, பண்டம், எண், நிமிடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பதினைந்து நாள்களில் அது உங்கள் பாடநூலாகிவிடும். பொத்தான்களின் எழுத்து என் கண்ணுக்குத் தெரியாததால், நிறுத்தும் பொத்தானின் அருகே ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டிவைத்திருக்கிறேன்.

மின்சாரமும் செலவும்

ஒரு லிட்டர் நீரை 1600 வாட்டில் கொதிக்கவைக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். ஒரு யூனிட்டில் பத்திலொரு பங்கு செலவாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றிலுள்ள வெப்ப ஆற்றல் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். எரிவாயு அடுப்பின் திறன் குறைந்தது நூற்றுக்கு 68 இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இன்டக்‌ஷன் அடுப்பின் திறனை நூற்றுக்கு 85 என்று கொள்ளலாம். எனவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இவ்வடுப்பு ஏறத்தாழ 145 யூனிட்டில் செய்யும். உங்கள் சிலிண்டர் விலையை 145-ஆல் வகுத்து, வரும் தொகையை மின்கட்டண அட்டையில் உங்கள் கடைசிப் படிநிலையின் யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். எது சிக்கனம் என்பது அப்போது விளங்கும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் என்பதை மறவாதீர்கள். 2016இல் வந்த 100 யூனிட் சலுகையை விளக்கும் விசிறியும் குளிர்பதனப் பெட்டியுமே பெரும்பாலான வீடுகளில் எடுத்துக்கொண்டுவிட்டன. அடுப்பிற்கு அது மிஞ்சும் என்று எண்ணுவது தவறு.

2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். எனவே 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் முறையான எர்த் இணைப்பும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகலாகாது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருப்பூர் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை நாம் மறக்கவில்லை. அந்நிலை இன்றில்லை என்றாலும், பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்கள் உண்டு. அந்நாள்களுக்காக எரிவாயு இணைப்பை நான் விட்டுவிடவில்லை; வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுகிறேன். கசிவு நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. மார்கழியில் ஆறு மணியை ஒட்டியே கதிரவன் மறைவதால், மாலைச் சமையலை நான்கரை மணிக்கே தொடங்குவது நன்று. இடையில் மின்சாரம் போனாலும் மாற்று வழிக்கு நேரம் இருக்கும்.

காப்பும் கருணையும்

பாத்திரத்தின் சூட்டால் கண்ணாடிப் பரப்பும் சுடும். எடுத்த உடனே தொடலாகாது. அடுப்பின் கீழே துணியோ காகிதமோ விரித்தால் காற்றுத் துளைகள் அடைபடும். அணைத்த பின்னும் உள்விசிறி சிறிது நேரம் சுழலும். அது நின்ற பிறகே பிளக்கை எடுக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இரண்டடி தள்ளியே நிற்பது முறை.

அடுப்பு மூட்டுமுன் சிற்றுயிர் உள்ளதா என்று பார்ப்பது நம் இல்லங்களின் மரபு. சுடரில் விழும் பூச்சி இங்கே இல்லை என்பது ஆறுதலே. ஆயினும் வெதுவெதுப்பை நாடி எறும்பும் கரப்பானும் காற்றுத் துளைகளில் நுழைவதுண்டு. பிளக்கைச் செருகுமுன் அடுப்பைத் தூக்கிப் பார்த்து, மென்துடைப்பத்தால் அகற்றுங்கள்.

“தீயே இல்லையே, அப்படியானால் இதில் இம்சை இல்லை அல்லவா?” என்று ஒரு சகோதரி கேட்டார். மின்சாரத்தை உயிருள்ள தீயாகக் கொள்வதா அன்றா என்பதில் சமணப் பெரியோரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனைத் தீர்ப்பது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஒன்றை மட்டும் நான் அறிவேன். பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் நமக்கு மின்சாரம் தருகின்றன. அதே கம்பியில் மேட்டூர் நிலக்கரியின், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மின்சாரமும் வருகிறது. நம் வீட்டில் சுடர் இல்லை என்பதால் எங்குமே சுடர் இல்லை என்று பொருளாகாது. பருப்பை ஊறவைத்தல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், தேவைக்கு மேல் சமையாதிருத்தல் ஆகிய பழைய சிக்கனங்கள் புதிய அடுப்பிற்கும் உரியவை.

மீள்பார்வை

1. உங்கள் வீட்டில் காந்தம் ஒட்டும் பாத்திரங்கள் எத்தனை?
2. உங்கள் சமையலறை பிளக் பாயிண்ட் எத்தனை ஆம்பியர்?
3. வீட்டிலுள்ள முதியவர் எரிவாயுவின் நாற்றத்தை உணர்கிறாரா? என்றேனும் கேட்டதுண்டா?

மூன்றாவது வினாவை இன்றே கேளுங்கள். ‘இல்லை’ என்று விடை வந்தால், அவரைச் சமையலறையிலிருந்து விலக்கிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, பதினைந்து நாள் பொறுமையோடு புதிய அடுப்பைக் கற்றுக்கொடுங்கள். என் மகன் எனக்கு அவ்வாறே செய்தான். கதிரவன் மறையுமுன் என் கையால் சமைத்த உணவை நான் இன்றும் உண்கிறேன்.